முக்குளிக்கப் போகிறீர்கள், சரி, வண்டியை எங்கே விடுவது?

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஹந்து போறேன். வண்டிய எங்க போடுறது?"

மாதத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஒரு வாட்ஸ்அப் வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் முக்குளிப்புச் சான்றிதழ் வாங்கிய கையோடு இருப்பார். தண்ணீர் எவ்வளவு கலங்கலாக இருக்கும், கடல்குதிரை கண்ணில் படுமா என்றெல்லாம் கேட்கமாட்டார். வண்டியைப் பற்றித்தான் கவலை. அதில் தப்பில்லை. புலாவ் ஹந்து தீவில் ஒரு கை தூரத்துக்கு மேல் தெரியாத நாள்கூட உண்டு, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வண்டி விஷயத்தில் செய்ய முடியும்.

சிங்கப்பூரில் கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் நடந்துபோய் முக்குளிப்பது என்பது ஏறக்குறைய கிடையாது. ஹந்துவுக்கும் சிஸ்டர்ஸ் தீவுகளுக்கும் படகில்தான் போகவேண்டும். அந்தப் படகு ஏறும் இடங்களைச் சுற்றித்தான் வீடுகள். கெப்பல் பே மரீனாவைச் சுற்றிக் கொண்டோக்கள். செந்தோசா கோவ் பகுதியில் பங்களாக்கள். வெஸ்ட் கோஸ்ட்டில் நெடுஞ்சாலையைத் தாண்டினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள். ஆக, நாம் முழுகுகிற இடத்தில் மீனைத் தவிர யாருக்கும் தொந்தரவில்லை. ஏறி இறங்குகிற இடத்தில்தான் அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்ட கதை கொஞ்சம் வெட்கக்கேடு. முக்குளிக்கத் தொடங்கிய புதிதில், படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீவக பலமாடி கார் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டிருந்தேன். ஞாயிறு, இலவசம். மூன்றரை மணிக்குத் திரும்பி வந்து, புளோக்கின் பின்பக்கம் துப்புரவுக்காரர்கள் பயன்படுத்தும் குழாயில் சுவாசக் கருவியையும் நீச்சல் உடுப்பையும் அலசினேன். லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடிக்குப் போய்ப் பையைக் காரில் வைத்துவிட்டுக் கீழே வந்தபோது, கையில் மார்க்கெட் பையோடு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். நம்மவர்தான். "தம்பி, அந்தக் குழாத் தண்ணி போனாப் போவுது. லிஃப்டு வாசல்ல பாத்தீங்களா? எங்க வீட்டுக்காரரு கைத்தடி ஊனிக்கிட்டு இந்த வழியாத்தான் வருவாரு." திரும்பிப் பார்த்தேன். லிஃப்டிலிருந்து குழாய்வரைக்கும் நான் சொட்டிய தண்ணீர், மொழுக்கென்ற தரையில் கோடு போட்டிருந்தது. துடைப்பான் கேட்டு வாங்கித் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

என் காரைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நான் வேறு மாதிரிதான் பார்க்கிறேன்: கார் நாள் முழுக்க எங்கே நிற்கும் என்பதைவிட, நாம் ஈரமாக எங்கே நிற்போம் என்பதுதான் பெரிய விஷயம்.

## எதை வைத்துப் பார்ப்பது

முதலில் பையோடு எவ்வளவு நடக்கவேண்டும். காற்று உருளையும் ஈயக்கட்டியும் பெரும்பாலான படகுப் பயணங்களில் கட்டணத்தோடு வந்துவிடும். அது ஒரு நிம்மதி, ஏனென்றால் நிரம்பிய அலுமினிய உருளை ஒன்றே ஏறக்குறைய 17 கிலோ. மீதிச் சாமான் உங்களுடையது. என் பை போகும்போது 14 கிலோ, வரும்போது ஈரத்தோடு 18.

அடுத்தது காசு. அதில் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குக் கூடி, இரண்டு மூன்று முக்குளிப்பு முடித்துத் திரும்பும்போது மூன்று, மூன்றரை ஆகிவிடும். ஏழரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது, திரும்பும் நேரம் உங்கள் கையில் இல்லை. காலையில் சுமத்ரா புயல்காற்று அடித்தால் படகு காத்திருக்கும். முன்கூட்டியே மணி குறித்துக் காசு கட்டும் இடங்களில் இது உதைக்கும்.

நான்காவது, உடுப்பு மாற்றவும் அலசவும் எங்கே இடம். ஐந்தாவது, இத்தனையும் செய்யும்போது அங்கே குடியிருப்பவருக்கு என்ன நேர்கிறது. நான்காவதும் ஐந்தாவதும் ஏறக்குறைய ஒன்றுதான். தனியாகச் சொன்னதற்குக் காரணம், முதல் மூன்றையும் கணக்குப் போடுகிறவர்கள் இதைப் போடுவதே இல்லை.

## படகுத்துறையின் சொந்த நிறுத்துமிடம்

சொந்தச் சாமான் நிறைய உள்ளவருக்கு, குறிப்பாகக் கேமரா பெட்டி தூக்குகிறவருக்கு, இதைவிட நல்ல வழி இல்லை. மரீனாக்களில் தள்ளுவண்டி இருக்கும். காரிலிருந்து படகு மேடைவரை தள்ளிக்கொண்டே போய்விடலாம். ஈரமான மனிதர்களைப் பார்த்து அங்கே யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், அது அவர்கள் தொழில்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். படகு நடத்துகிறவருக்குச் சலுகைச் சீட்டு உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது. செந்தோசா கோவ் என்றால் கார் தீவுக்குள் நுழையவே தனிக் கட்டணம், அதுவும் நேரத்துக்கு நேரம் வேறு. இரண்டு, வார இறுதியில் மரீனா உணவகங்களுக்கு வருபவர்களும் படகு உரிமையாளர்களும் அதே இடத்துக்குத்தான் போட்டி. ஏழரைக்கு முன்னால் வந்தால் இடம் இருக்கும். எட்டேகாலுக்கு வந்து சுற்றிக்கொண்டிருந்தால் படகில் பத்துப் பேர் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

குளியலறையும் அலசும் தொட்டியும் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று சில இடங்களில் எழுதியிருக்கும். எழுதியிருந்தால் அவ்வளவுதான், "அஞ்சு நிமிஷம்தானே" என்று உள்ளே நுழையவேண்டாம். அப்படி நுழைந்த ஒருவரால் எங்கள் குழு மொத்தமும் ஒருமுறை வெளியே நின்று சாமான் கட்டியது.

## பக்கத்து வீவக கார் நிறுத்துமிடம்

பெரும்பாலானவர் மனத்தில் இருப்பது இதுதான். மலிவு, இடமும் அதிகம். மையப் பகுதிக்கு வெளியே அரை மணி நேரத்துக்கு 60 காசு, நிமிடக் கணக்கில் பிடிப்பார்கள். ஏழரை மணி நேரத்துக்கு 9 வெள்ளி. ஞாயிறும் பொது விடுமுறையும் என்றால், இலவசத் திட்டத்தில் உள்ள நிறுத்துமிடங்களில் காலை 7 முதல் இரவு 10.30 வரை ஒன்றும் இல்லை. எல்லா இடமும் அந்தத் திட்டத்தில் கிடையாது. நுழைவாயில் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள், "ஞாயிறுன்னா இலவசம்தானே" என்று போய்விட்டு வெளியேறும்போது திகைக்காதீர்கள்.

நேரம் பார்த்துத் தானாகக் காசு பிடிக்கும் மின்தடுப்பு உள்ள இடத்தில் படகு தாமதமானாலும் பயமில்லை, கூடுதல் நிமிடத்துக்குக் கூடுதல் காசு, அவ்வளவுதான். தடுப்பில்லாத கூப்பன் இடமாக இருந்தால் பார்க்கிங்.எஸ்ஜி செயலியில் நேரம் குறிக்கவேண்டும். இங்கேதான் முக்குளிப்பவருக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல்: நேரம் முடிகிறது என்று செயலி மணி அடிக்கும்போது நீங்கள் பத்து மீட்டர் ஆழத்தில் இருப்பீர்கள், கைப்பேசி படகில் ஒரு டப்பாவுக்குள் கிடக்கும். கஞ்சத்தனம் பார்க்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் அதிகமாகவே போடுங்கள். முன்னாலேயே திரும்பிவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம், மீதி திரும்ப வந்துவிடும்.

வெள்ளைக் கோட்டுக் கட்டங்கள்தான் நமக்கு. சிவப்பு, சீசன் (மாதக் கட்டணச் சீட்டு) வைத்திருப்பவர்களுக்கு. பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் அங்கே நிற்கக்கூடாது. அப்புறம், சனி ஞாயிறுகளில் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணமோ துக்கமோ நடந்தால் பக்கத்துக் கட்டங்களைக் கூம்பு வைத்து அடைத்திருப்பார்கள். மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் காலையிலிருந்தே பாதி இடம் போய்விடும். அந்தக் கூம்பை நகர்த்துகிற ஆளாக இருக்காதீர்கள்.

இதன் உண்மையான விலை நடை. தெலுக் பிளாங்காப் பக்கத்துப் புளோக்கிலிருந்து கெப்பல் பே பாலத்தைத் தாண்டி மரீனாவுக்கு வெறுங்கையோடு நடக்க நன்றாகத்தான் இருக்கும். 18 கிலோ ஈரப் பையோடு மூன்றரை மணி வெயிலில் நடந்து பாருங்கள். அதனால் நான் செய்வது: முதலில் மரீனா வாசலில் பையையும் கூட வருபவரையும் இறக்கிவிடுவேன். பிறகு போய் வண்டியை விட்டுவிட்டு, தண்ணீர்ப் புட்டியும் துண்டும் மட்டும் எடுத்துக்கொண்டு நடந்து வருவேன். திரும்பும்போது அதையே தலைகீழாக. உடுப்பு மாற்றுவது, சொட்டச் சொட்ட நிற்பது எல்லாம் மரீனாப் பக்கத்திலேயே முடிந்துவிடும். புளோக்குக்குப் போகும்போது நான் ஒரு காய்ந்த மனிதன்.

இதைச் செய்ய முடியாதவர், தனியாக வருகிறவர், வீவக நிறுத்துமிடத்தை விட்டுவிட்டு மரீனாவுக்கே காசு கட்டுவது நல்லது. நாலு காசு மிச்சம் பிடிக்க ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் உடுப்பு மாற்றவேண்டாம். அங்கே கிழவர்கள் செஸ் ஆடுவார்கள், பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருவார்கள்.

## தரைவீட்டுத் தெருவோரம்

இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனாலும் செய்கிறார்கள், அதனால் சொல்லவேண்டியிருக்கிறது. காசு கிடையாது என்பதுதான் இதன் ஒரே கவர்ச்சி.

சட்டம் முதலில். இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்நேரமும் கூடாது. ஒற்றை மஞ்சள் கோடு, ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர, காலை 7 முதல் மாலை 7 வரை கூடாது. சாலையின் நடுவே விடாமல் போகும் வெள்ளைக் கோடு இருந்தால் இரு பக்கமும் நிறுத்தக்கூடாது, பலருக்கு இது தெரியாது. சந்தியிலிருந்து 6 மீட்டர், பேருந்து நிறுத்தத்திலிருந்து 9 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும்.

இவை எதுவும் இல்லாத தெருவில் நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசலில் பூந்தொட்டியும் குப்பைத்தொட்டியும் வைத்து இடம் 'சோப்' பண்ணுகிற, அதாவது பிடித்துவைக்கிற, வீட்டுக்காரருக்கு அந்தத் தார்ச்சாலையில் எந்த உரிமையும் இல்லை, அது பொதுச் சாலை. ஆனால் நீங்கள் அங்கே நிற்கப்போவது பத்து நிமிடம் அல்ல, ஏழரை மணி நேரம். அதற்குள் அந்த வீட்டில் மாமனாருக்கு மூச்சுத்திணறி ஆம்புலன்ஸ் வரலாம், எதிர் வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்க முடியாமல் திணறலாம். உங்களைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொல்ல வழியே இல்லை, நீங்கள் கடலுக்கடியில். கடைக்குப் போனவர் திரும்பி வருவார், முக்குளிக்கப் போனவர் படகு வந்தால்தான் வருவார். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் நான் இதை வேண்டாம் என்கிறேன். சட்டம் சரி என்பதெல்லாம் வீட்டுக்காரர் கதவைத் திறந்து கத்தும்போது உதவாது.

வேறு வழியே இல்லை என்றால், முன்கண்ணாடிக்குள் ஒரு தாளில் திரும்பும் நேரத்தையும் கரையில் இருக்கும் யாராவது ஒருவரின் எண்ணையும் எழுதி வையுங்கள். உங்கள் எண்ணை எழுதிப் பயனில்லை.

## நண்பரின் கொண்டோ

"மாப்ள, எங்க கொண்டோ பக்கத்துலதான், விசிட்டர் பார்க்கிங்ல போடு." கேட்க இனிக்கும். காவலாளி எந்த வீட்டுக்கு என்று கேட்பார், வீட்டு எண்ணைச் சொல்வீர்கள், தடுப்பு தூக்கும். ஆனால் நண்பரும் உங்களோடு அதே படகில் இருக்கிறார் என்றால், நீங்கள் யாரைப் பார்க்க வந்தீர்கள்? விருந்தினர் கட்டங்கள் குறைவு, நேர வரம்பும் இருக்கும். தாண்டினால் சக்கரத்தில் பூட்டு. பூட்டைத் திறக்கும் செலவோடு நண்பருக்கு நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதமும் போகும், அதுதான் கூடுதல் விலை.

நண்பர் நிர்வாகத்திடம் முன்பே சொல்லி, நாள் முழுக்க நிற்க அனுமதி வாங்கித் தருகிறார் என்றால் இது அருமையான வழி. அவர் வீட்டுக் குளியலறையும் கிடைக்கும். நீச்சல்குளத்தோரக் குளியல் குழாயில் மட்டும் சாமானை அலசாதீர்கள், மணலும் உப்பும் அங்கே அடைத்தால் மற்ற வீட்டார் உங்களை அல்ல, நண்பரைத்தான் கேட்பார்கள்.

## கார் இல்லாமல், அல்லது ஒரே காரில் நால்வர்

வருடத்துக்கு நாலு தடவை போகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். சாமானை முக்குளிப்பு நிலையத்திலேயே வாடகைக்கு எடுங்கள், முகக்கண்ணாடி மட்டும் சொந்தம். ஒரு முதுகுப்பையோடு ரயிலேறிவிடலாம். செயின்ட் ஜான்ஸ், லாசரஸ் தீவுகள் பக்கம் படகு பிடிப்பவருக்கு மரீனா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே படகுத்துறை.

டாக்ஸியில் போகும்போது பிரச்சினை இல்லை. வரும்போது மழை பிடித்தால் கட்டணம் ஏறிவிடும், சொட்டுகிற பையைப் பார்த்து ஓட்டுநர் முகமும் மாறும். நீர்புகாப் பை ஒன்று வாங்கிவிடுங்கள், இரண்டாவது பாதி தீரும்.

கார் பகிர்வுச் சேவை கணக்கில் மலிவாகத் தோன்றும். மணிக்கட்டணம் கார் சும்மா நிற்கும்போதும் ஓடுகிறது, போன இடத்து நிறுத்தக் கட்டணமும் உங்கள் தலையில், எடுத்த இடத்திலேயே திருப்பி விடவேண்டும். உப்புத்தண்ணீர் இருக்கையில் இறங்கினால் சுத்தம் செய்யும் கட்டணம் வேறு. முக்குளிப்புக்கு இது பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

நாலு பேர் ஒரே காரில் போவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. மரீனாக் கட்டணம் எவ்வளவானாலும் நாலாகப் பிரித்தால் வலிக்காது, ஒரு கட்டம்தான் பிடிக்கும். சாதாரண செடான் காரின் பின்பெட்டியில் மூன்று பைக்கு மேல் ஏறாது, நாலாவது மடியில். சாமானை வாடகைக்கு எடுக்கும் ஆளை நாலாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | சனி, ஏழரை மணி நேரம் | ஞாயிறு | ஈரப் பையோடு நடை | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| மரீனா நிறுத்துமிடம் | இடத்துக்கு இடம் மாறும் | அப்படியே | மிகக் குறைவு | தனியாக, சாமானோடு வருபவர் |
| வீவக நிறுத்துமிடம் | 9 வெள்ளி | பல இடங்களில் இலவசம் | இறக்கிவிட ஆள் இருந்தால் இல்லை | இருவராக வருபவர் |
| தரைவீட்டுத் தெரு | இலவசம் | இலவசம் | அதிகம் | யாருக்கும் வேண்டாம் |
| நண்பரின் கொண்டோ | இலவசம், அனுமதியோடு | அப்படியே | நடுத்தரம் | முன்பே கேட்டு வாங்கியவர் |
| ரயில், வாடகைச் சாமான் | ரயில் காசு | அப்படியே | இல்லவே இல்லை | எப்போதாவது போகிறவர் |

## காரில் என்ன இருக்கவேண்டும்

எங்கே நிறுத்தினாலும், பின்பெட்டியில் மூடியுள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி, வீட்டில் நிரப்பிய இரண்டு ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்கள், இருக்கையில் விரிக்க ஒரு பெரிய குப்பைப் பை. ஈரச் சாமான் அப்படியே பெட்டிக்குள் போகும், அலசல் வீட்டில். இந்தப் பெட்டி வாங்கிய பிறகு நான் எந்தப் புளோக்கின் குழாயையும் தொட்டதில்லை.

## விடிகாலைக்காரர்கள்

கடலோரத்தில் வண்டி விடுகிற இன்னொரு கூட்டமும் உண்டு, வற்றுக்கடல், அதாவது தண்ணீர் இறங்கிய கடற்கரை, பார்க்கப் போகிறவர்கள். ஆண்டின் நடுப்பகுதியில் நன்றாக வற்றுவது விடிவதற்கு முன்னால். சாங்கிக் கடற்கரைக்கு நாலரை மணிக்கு வருவார்கள். இவர்களுக்குப் பூங்காவின் சொந்தக் கார் நிறுத்துமிடம்தான் சரி, வேறு வழிகளை ஒப்பிடவே வேண்டாம். சாங்கி வில்லேஜ் புளோக்குகளுக்குக் கீழே அந்நேரத்தில் நாலு கார்க் கதவு அடைக்கும் சத்தமும், "டேய், டார்ச் எடுத்தியா?" என்ற சத்தமும் மேல் மாடிவரை கேட்கும்.

போன வாரம் கேட்டவர் ஈசூனில் இருக்கிறார். கார் வாங்கி மூன்று மாதம். தனியாகத்தான் வருகிறார், சாமான் வாடகைக்கு, கெப்பல் பேயில் படகு. பீஷானில் ஒரு தடவை மாறினால் தெலுக் பிளாங்காவில் இறங்கிவிடலாம் என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "அப்போ காரு, அண்ணே?"

"வீட்லயே நிக்கட்டும்" என்று போட்டேன்.